விடை ஒன்றுதான், தவறு இரண்டு

"நான்காம் வகுப்பு மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துதல்." என் முதல் செயலாராய்ச்சிக்கு, அதாவது தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலை ஆசிரியரே ஆராய்ந்து தீர்வைச் செய்துபார்க்கும் ஆய்வுக்கு, நான் வைத்த தலைப்பு இது. பயிற்சியின்போது இதை வாங்கிப் பார்த்த விரிவுரையாளர் அடுத்தடுத்துக் கேட்டார்: "எந்தக் கணக்கு டீச்சர்? எந்தப் பிள்ளைங்க? நோட்டுல காட்ட முடியுமா?"

என்னிடம் பதில் இல்லை. தலைப்பு இருந்தது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று தீர்வுகூட இருந்தது. பிரச்சினை என்னவென்றுதான் தெரியவில்லை. நம்மில் பலர் இப்படித்தான் தொடங்குகிறோம். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயைத் தேடுகிறோம். பழைய அறிக்கை ஒன்றைப் பார்த்து நோக்கம், கருதுகோள், முன்தேர்வு (சொல்லிக்கொடுப்பதற்கு முன் வைக்கும் தேர்வு), பின்தேர்வு (அதற்குப் பின் வைப்பது) என்று தலைப்புகளை நிரப்பிவிட்டால் திட்டம் முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன்.

பள்ளிக்குத் திரும்பி நோட்டுகளைப் புரட்டினேன். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகளில்தான் சிவப்பு மை அதிகம். சரி, இதுதான் என்று முடிவுசெய்து, இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் 52-லிருந்து 37-ஐக் கழிக்கும் கணக்கைக் கொடுத்தேன். விடை 15. பதினோரு பேர் 25 என்று எழுதியிருந்தார்கள். ஒரே தவறு, ஒரே காரணம் என்று குறித்துக்கொண்டேன்.

அன்று மதியம் அவர்களில் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எப்படிப் போட்டே, சொல்லு" என்றேன். ஒருத்தி, "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல மூணு போனா ரெண்டு" என்றாள். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவில்லை. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். இன்னொருவன், "பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு, அஞ்சுல மூணு போனா ரெண்டு" என்றான். கடன் வாங்கியிருக்கிறான், கொடுத்த இடத்தில் ஒன்றைக் குறைக்கவில்லை. இரண்டு பேருக்கும் 25. நான் கொடுத்த எண்கள் இரண்டு வேறு குழப்பங்களை ஒரே விடைக்குள் மறைத்துவிட்டன!

மறுநாள் எண்ணை மாற்றினேன். 52-லிருந்து 38. சரியான விடை 14. முதல் வகைப் பிள்ளைகள் 26 என்று எழுதினார்கள், இரண்டாம் வகை 24. விடையைப் பார்த்தாலே யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்தது. முன்தேர்வுக் கேள்வியைத் தயாரிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும் என்று நினைக்கிற ஆசிரியர்களிடம் இதை நான் மறக்காமல் சொல்கிறேன். திட்டத்தின் பாதி உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

செயலாராய்ச்சி என்ற பெயரைப் பரவச் செய்த உளவியலாளர் கர்ட் லெவின், 1946-ல் வெளிவந்த கட்டுரையில் திட்டமிடுவது, செய்வது, விளைவைக் கண்டறிவது என்று மாறி மாறிச் சுழலும் படிகளாக இதை விவரித்தார். அதைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்டீபன் கோரி. அவருடைய நூல் 1953-ல் வந்தது. தன் வகுப்பை ஆசிரியரே ஆராய வேண்டும் என்பதுதான் அவர் வாதம். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அந்த இரண்டு 25-களையும் ஒன்றாகவே எண்ணிவிட்டுப் போயிருப்பார். பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க நமக்கு முடியும்.

அப்புறம் திட்டம் தானாகச் சுருங்கியது. நான்கு வாரம், தினமும் இருபது நிமிடம். 26 எழுதியவர்களுக்கு ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து, எட்டுக் குச்சி எடுக்கச் சொன்னேன். ஒரு கட்டைப் பிரிக்காமல் முடியாது என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள். 24 எழுதியவர்களுக்கு ஒரு விதி: கட்டைப் பிரித்தவுடன் மீதிக் கட்டுகளை எண்ணி எழுதிவிட்டுத்தான் கழிக்க வேண்டும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து ஒப்பிடலாம் என்று சக ஆசிரியர் யோசனை சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்த வழியை என் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மறைத்துவைத்து நான் எதை நிரூபிக்கப் போகிறேன்? சராசரிக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன எழுதினார்கள், என்ன சொன்னார்கள் என்று தேதியோடு குறித்தேன். பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டேன்.

24 எழுதியவர்கள் இரண்டே வாரத்தில் தேறினார்கள். மற்றவர்களில் இரண்டு பேர் குச்சி கையில் இருந்தால் 14 என்றார்கள், தாளில் மறுபடி 26. அதையும் அப்படியே அறிக்கையில் எழுதினேன். தோல்வியை மறைத்தால் அடுத்த சுற்றுக்கு எதை வைத்துத் திட்டமிடுவது? குச்சிக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. கட்டுக்கு ஒரு கோடு, குச்சிக்கு ஒரு புள்ளி என்று அவர்களையே வரையவைத்து, அடித்துக் கழிக்கச் சொன்ன பிறகு இருவரும் மெல்ல வழிக்கு வந்தார்கள்.

போன வாரம் 304-லிருந்து 126-ஐக் கழிக்கச் சொன்னேன். பத்துகள் இடத்தில் சைபர். நன்றாகப் போடுகிற ஒரு பெண் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்: "டீச்சர், பக்கத்து வீட்டுலயே ஒண்ணும் இல்லயே, அங்க போய் எப்படிக் கடன் கேக்குறது?" இரண்டாம் சுற்றுத் திட்டத்தின் முதல் வரியாக அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.