டிராட் கிளைம்பிங்: மரபுவழிப் பாறையேற்றம்

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா ஒரு பாலைவனப் பூங்கா. அங்கே 'ஓல்டு வுமன்' என்னும் பாறையில், 'டபுள் கிராஸ்' என்றொரு ஏறுதடம் உண்டு. பாறையேறிகள் இதனை 'மாடரேட் டிராட்' என்ற வகையில் சேர்ப்பர். இத்தொடரைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்பதே இங்கு கேள்வி.

'டிராட்' என்பது 'டிரடிஷனல்' என்பதன் சுருக்கம். 'கையளித்தல்' எனப் பொருள்படும் 'டிராடெரே' என்ற இலத்தீன் வினையே அதன் வேர். முன்னே ஏறுபவர் நட் (வெடிப்பில் சிக்கி நிற்கும் சிறு உலோக ஆப்பு), கேம் (வெடிப்புக்குள் விரிந்து பற்றும் கருவி) போன்றவற்றைப் பாறை வெடிப்புகளில் தாமே செருகி, அவற்றில் கயிற்றைக் கோத்துக்கொண்டு மேலேற, பின்னே வருபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வரும் முறையை இச்சொல் குறிக்கும்.

இம்முறை பழையது, பெயர்தான் புதியது. முன்பே பதித்த போல்ட்டுகளை நம்பி ஏறும் 'ஸ்போர்ட் கிளைம்பிங்' 1980களில் பரவிய பின்னரே, அதுவரை வெறும் பாறையேற்றமாக இருந்ததற்கு ஓர் அடைமொழி வேண்டியதாயிற்று. கைபேசி வந்தபின் பழைய தொலைபேசி 'தரைவழி' ஆனதைப் போன்றது இது. கருவிகளிலும் தொன்மை குறைவுதான். முன்னோர் சுத்தியலால் அறைந்த இரும்பு ஆணிகள் வெடிப்புகளைச் சிதைத்ததால், 1970களில் அமெரிக்கப் பாறையேறிகள் கையால் செருகி எடுக்கும் நட்டுகளுக்கு மாறினர். சுருள்வில்லால் விரியும் கேம் 1978இல்தான் விற்பனைக்கு வந்தது.

எனவே இங்கு மரபு என்பது கருவியை அன்று, ஒழுகலாற்றையே சுட்டுகிறது. உயர்ந்தோர் எப்பொருளை எச்சொல்லால் எவ்வாறு கூறினரோ அவ்வாறே கூறுதல் மரபு என்பது நன்னூல் கருத்து. மொழிக்குச் சொன்ன அவ்விலக்கணம் பாறைக்கும் பொருந்துவதால், 'பாரம்பரிய ஏற்றம்' என்பதினும் 'மரபுவழிப் பாறையேற்றம்', சுருக்கமாக 'மரபேற்றம்', தகும் என்பது என் கருத்து.

'மாடரேட்' என்பதை 'மிதமான' என்று பெயர்ப்பதில்தான் இடர் உள்ளது. டபுள் கிராஸின் கடினத் தரம் 5.7+; புள்ளிக்குப் பின்வரும் எண் கூடக்கூடக் கடினமும் கூடும். தென் கலிபோர்னியாவின் டாக்விட்ஸ் பாறையில் 1950களில் இப்பதின்மக் குறியீடு உருவானபோது 5.9தான் உச்சம், இன்று அளவுகோல் 5.9க்குப் பின் 5.10, 5.11 எனத் தொடர்ந்து 5.15 வரை நீண்டுவிட்டதால் 5.7 எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் இத்தரம் அசைவுகளின் கடினத்தையே அளக்கிறது, விழுந்தால் என்னாகும் என்பதை அன்று. இத்தடத்தின் நடுப்பகுதியில் உள்ளங்கையை வெடிப்புக்குள் நுழைத்து, கட்டைவிரலை மடக்கி இறுக்கினால் கை உறுதியாகப் பூட்டிக்கொள்ளும். சொரசொரப்பான பாறை தோலை உரிக்கும் என்பதால் பலர் புறங்கையில் நாடா சுற்றிக்கொள்வர். இடர் அதற்கு முன்னரே இருக்கிறது: வெடிப்பை எட்டும்வரை கருவி செருக நல்ல இடம் அரிது, அத்தொடக்கத்தில் விழுந்து காயமுற்றோர் உண்டு. இதனை 'மிதமான தடம்' என்றால் தமிழில் அபாயமும் மிதம் என்றாகிவிடும். 'இடைநிலைக் கடின மரபேற்றத் தடம்' என்பது சற்று நீளமே. எனினும் அளப்பது எதை என்பதை அது சொல்லிவிடுகிறது.