வைஃபை நின்றுவிட்டதா? தயவுசெய்து ரீசெட் ஓட்டையில் ஊக்கை விடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. மூன்றிலும் ஓபன் டபிள்யூஆர்டி (கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ரூட்டரில் போடும் இலவச மென்பொருள்) போட்ட ரூட்டர், மூன்றிலும் ஒரே கதை.

பிள்ளைகள் ராத்திரி போனைக் கீழே வைப்பதில்லை என்று அப்பா லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் (கமாண்ட் அடித்து இன்னொரு கருவியை இயக்கும் வழி) வழியாக ரூட்டருக்குள் போய் 'வைஃபை டவுன்' என்று அடித்திருக்கிறார், அதுவும் அதே வைஃபையில் இணைந்திருந்த லேப்டாப்பிலிருந்து. திரை அப்படியே நின்றுவிட்டது. திரும்ப 'வைஃபை அப்' அடிக்க வழியில்லை, லேப்டாப்பில் லான் போர்ட்டும் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) இல்லை. பதறிப்போய் ரீசெட் ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்திப் பிடித்திருக்கிறார். இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அதோடு போயிற்று. நான் போனபோது அவற்றை எழுதிவைத்த சீட்டை வீடே தேடிக்கொண்டிருந்தது.

'வைஃபை டவுன்' எதையும் அழிப்பதில்லை. எதையும் எழுதிவைப்பதும் இல்லை. அந்த நேரத்துக்கு ரேடியோவை, அதாவது வைஃபை சிக்னல் அனுப்பும் பகுதியை, நிறுத்துகிறது, அவ்வளவுதான். செட்டிங் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறாது. ஆகவே ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, பத்து நொடி கழித்துச் செருகினால் வைஃபை தானாக வந்துவிடும். இதற்கு ரீசெட் எதற்கு? இன்னொன்றையும் கேளுங்கள்: ஓபன் டபிள்யூஆர்டியில் ரீசெட் செய்தால் பெரும்பாலும் வைஃபை அணைந்த நிலையில்தான் ஆரம்பிக்கும். அதாவது எதற்காக ரீசெட் செய்தீர்களோ அதுவே கிடைக்காது.

நிரந்தரமாக அணைப்பது வேறு வேலை. யூசிஐயில் (ஓபன் டபிள்யூஆர்டியின் செட்டிங்கை மாற்றும் கமாண்ட்) அந்த ரேடியோவின் 'டிசேபிள்டு' மதிப்பை 1 ஆக்கி, கமிட் கொடுத்து (அதாவது ஃபைலில் சேமித்து), அப்புறம் 'வைஃபை ரீலோட்'. கமிட் கொடுத்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கினாலும் வைஃபை வராது, கேபிள் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ரேடியோ0 என்ற பெயரில் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும். 'வைஃபை ஸ்டேட்டஸ்' அடித்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் வசதி) 23 மணிக்கு டவுன், 6 மணிக்கு அப் என்று போடுகிறவர்களுக்கு: ரூட்டரின் கடிகாரம் வாங்கியபடியே இருந்தால் அது யூடிசி நேரம், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம். நம் கணக்கில் விடியற்காலை 4.30க்கு வைஃபை நின்று, பகல் 11.30க்குத்தான் வரும். ஒரு வீட்டில் காலை ஆன்லைன் வகுப்பு இரண்டு நாள் இப்படியே போயிருக்கிறது, அவர்கள் இன்டர்நெட் லைன்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றி, கிரானை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ராத்திரி கரண்ட் போய் வந்தால் வைஃபையும் கூடவே வந்துவிடும், காரணம் மேலே சொன்னதுதான்.

கமாண்ட் அடிக்கிற நாளில் கேபிளில் உட்கார்ந்து அடியுங்கள். லான் போர்ட் இல்லாவிட்டால் யூஎஸ்பி லான் அடாப்டர் ஒன்று வாங்கி வையுங்கள். செட்டிங்கை பேக்கப் எடுத்து லேப்டாப்பில் போடுங்கள். அந்த யூசர்நேம் சீட்டை இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், ப்ளீஸ்.