சீனர் விலக்குச் சட்டமா, சீனர் தடைச் சட்டமா?

'சைனீஸ் எக்ஸ்க்ளூஷன் ஆக்ட்' என்ற அமெரிக்கச் சட்டத்தைத் தமிழில் 'சீனர் விலக்குச் சட்டம்' என்று எழுதுவதை இன்னும் எத்தனை முறை பார்ப்பது? வரலாறு தெரியாத ஒருவர் இந்தப் பெயரை மட்டும் படித்தால் என்ன புரிந்துகொள்வார்? வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். நீட் விலக்கு மசோதா என்றால் நீட் எழுத வேண்டாம். அப்படியானால் சீனர் விலக்குச் சட்டம் என்பது சீனர்களுக்கு ஏதோ சலுகை கொடுத்த சட்டம் என்றுதானே நினைப்பார்?

நடந்தது அதற்கு நேர்மாறு. 1882 மே 6 அன்று அதிபர் செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்ட அந்தச் சட்டம், சீனத் தொழிலாளர்கள் பத்தாண்டுகளுக்கு அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்றது. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த சீனர்களுக்கும் எந்த நீதிமன்றமும் குடியுரிமை தரக் கூடாது என்றது. 1892-இலும் 1902-இலும் அதை நீட்டித்தார்கள். 1904-இல் காலவரம்பே இல்லாமல் செய்துவிட்டார்கள். 1943-இல்தான் நீக்கினார்கள். நீக்கிய பிறகும் ஆண்டுக்கு 105 சீனர்களுக்கே இடம்.

'எக்ஸ்க்ளூஷன்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'கிளாவுதெரே' என்றால் மூடுதல். ஆளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது. சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரில் இந்தச் சொல்லே கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். 'சீனர் தொடர்பான சில உடன்படிக்கை விதிகளைச் செயல்படுத்தும் சட்டம்' என்றுதான் மழுப்பலாகப் பெயர் வைத்தார்கள். அந்த மழுப்பலை உடைத்து உள்ளே இருப்பதைச் சொல்லும், பேச்சுவழக்கில் வந்த பெயர் 'எக்ஸ்க்ளூஷன் ஆக்ட்'. அதைத் தமிழில் மறுபடி மழுப்புவது எனக்குப் பெரும் குற்றமாகவே படுகிறது.

'விலக்கு' அணியினர் உடனே மதுவிலக்கைக் கொண்டு வருவார்கள். மதுவிலக்கில் தடை என்ற பொருள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் மது ஒரு பொருள். அதை நாம் விலக்குகிறோம். மனிதர்களோடு சேரும்போது சட்டத் தமிழில் அந்தச் சொல் வேறு வேலை செய்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு, விவசாயிகளுக்கு விலக்கு என்று படித்துப் பழகிய கண்ணுக்குச் சீனர் விலக்கும் அப்படித்தான் தெரியும். அப்புறம், ஊர்விலக்கு? இது கொஞ்சம் வலுவான வாதம். ஊர்விலக்கில் மனிதர்களைத்தான் ஒதுக்குகிறார்கள், அதில் அவமானமும் இருக்கிறது. ஆனால் அங்கே ஒதுக்கப்படுபவர் அந்த ஊர்க்காரர். இந்தச் சட்டமோ முதன்மையாகத் துறைமுகத்திலேயே ஆளைத் தடுத்தது.

எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வணிகர், ஆசிரியர், மாணவர், பயணிகள் ஆகியோருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது அவர்களுக்கு விலக்கு உண்டு. இதை எப்படி எழுதுவது? 'விலக்குச் சட்டத்திலிருந்து வணிகர்களுக்கு விலக்கு' என்றா? ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் எதிரெதிரான இரண்டு பொருள் தந்தால் வாசகர் என்ன செய்வார்? 'தடைச் சட்டத்திலிருந்து வணிகர்களுக்கு விலக்கு' என்று எழுதிப் பாருங்கள், குழப்பமே இல்லை.

'வெளியேற்றச் சட்டம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னொரு தவறு. இருந்தவர்களை மொத்தமாக வெளியேற்றச் சொல்லவில்லை இந்தச் சட்டம். 1888-இல் வந்த ஸ்காட் சட்டம், திரும்பி வரலாம் என்ற சான்றிதழோடு ஊருக்குப் போயிருந்த சுமார் 20,000 சீனர்களின் சான்றிதழைச் செல்லாததாக்கியது. அந்தக் கொடுமைகூட, வெளியே போனவரை உள்ளே விடாத தடைதான்.

எனவே முதல் முறை 'சீனர் நுழைவுத் தடைச் சட்டம்' என்றும், பிறகு சுருக்கமாகச் 'சீனர் தடைச் சட்டம்' என்றும் எழுதலாம். 'தடு' என்ற வினையிலிருந்து பிறந்த நல்ல தமிழ்ச் சொல் தடை, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் இத்தனைக்கும் காரணம். சட்டம் என்ன செய்தது என்று ஒரு பத்தி படித்திருந்தால் 'விலக்கு' வந்திருக்காது.

இதே அவசரம் இன்னொரு இடத்திலும் உண்மையைக் கெடுக்கிறது. 2011-இல் அமெரிக்க செனட்டும் 2012-இல் பிரதிநிதிகள் சபையும் இந்தச் சட்டங்களுக்காகத் தீர்மானம் நிறைவேற்றின. இதை 'அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். தீர்மானங்களில் இருப்பது வருத்தம். மன்னிப்பு என்பது கனடாவில் நடந்தது. நாட்டுக்குள் நுழையும் சீனர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று 1885-இல் 50 டாலரில் தொடங்கி 1903-இல் 500 டாலர் வரை உயர்த்தி வாங்கிய தலைவரிக்காக, 2006-இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வரி கட்டியவர்களில் உயிரோடிருந்தவர்களுக்கும், இறந்தவர்களின் துணைவர்களுக்கும் தலா 20,000 டாலர் கொடுத்தார்கள். அமெரிக்கத் தீர்மானங்களோ, இவற்றைக் காட்டி யாரும் அரசிடம் எதுவும் கோர முடியாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. வருத்தத்தை மன்னிப்பு என்று மொழிபெயர்த்தால், அமெரிக்க நாடாளுமன்றம் கொடுக்காத ஒன்றை நாமாகவே அதன் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம்.