ஆறுமணிக்குருவிக்குத் தண்ணீர் பருக்காதீர்கள்

வாடை தொடங்கும் ஒக்டோபரில் யாராவது சப்பாத்துப் பெட்டியோடு வந்தால், உள்ளே பூனைக்குட்டி இருக்கும் என்று நான் இப்போதெல்லாம் நினைப்பதில்லை. திருகோணமலையில் மிருக வைத்தியம் பார்க்கத் தொடங்கிய பிறகு வந்த தெளிவு அது.

கடந்த வாடையில் உப்புவெளியிலிருந்து ஒரு அம்மாவும் மகனும் அப்படியொரு பெட்டி கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தேன். வால் இருக்கிறதா என்று தேடவேண்டிய அளவுக்குக் கட்டை வால், பச்சை முதுகு, கண்ணை மறைத்துக் கட்டியதுபோல் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி.

“காலமை விறாந்தையில கிடந்தது டொக்டர். தண்ணி பருக்கினோம், குடிக்குதில்ல.”

“எத்தனை கரண்டி, தம்பி?”

“ரெண்டு. பாதி வெளியில வந்திட்டுது.”

வெளியே வந்த பாதி பரவாயில்லை. உள்ளே போனதுதான் பிரச்சினை. பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. மயங்கிக் கிடப்பது விழுங்காது. ஊற்றுகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்கு இறங்கும். இதைப் படித்துத் தேறிய நானே, தொழிலுக்கு வந்த முதல் வருடம், பாவம் தாகமாயிருக்கும் என்று ஒரு குருவிக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். அது என் கையிலேயே முடிந்தது.

இறுக்கிப் பிடிப்பதும் அதே அளவு ஆபத்து. நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து, மூச்சை இழுக்க உதவும் தசைத் தகடான பிரிமென்றகடு நமக்குள்ளதுபோல் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. பறந்துவிடும் என்று பயந்து நெஞ்சைப் பொத்திப் பிடித்தால், மூச்சு நின்றுவிடும்.

சரி, இது ஏன் விறாந்தையில் விழுகிறது? இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே இறங்கி செப்டெம்பர், ஒக்டோபரில் இங்கே வந்துசேர்கிற பறவை. ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். பயணம் இரவில். ஐம்பது, அறுபது கிராம் உடம்பு களைத்து இறங்கும் நேரத்தில் வெளிச்சம் அதைத் திசைமாற்றி இழுக்கிறது. கண்ணாடியில் தெரியும் மரத்தை மரம் என்றே நம்பி மோதுகிறது. நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் சீசன் முடிந்து அறைகள் வெறுமையாகக் கிடக்கும் மாதம் அது. ஆனாலும் வெளி விளக்குகள் விடிய விடிய எரிகின்றன, யாருக்கென்று எனக்கு விளங்கவில்லை. அவற்றை அணைப்பது சும்மா கிடைக்கும் வைத்தியம். கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டால் போதாது. வெளிப்பக்கத்தில் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு, சுண்ணாம்பால் இழுத்தாலும் போதும்.

விழுந்ததைக் கண்டால் மெல்லிய துவாயால் மூடி எடுத்து, துளையிட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள். தண்ணீர், சோறு, பழம் எதுவும் வேண்டாம். இருட்டும் அமைதியும்தான் மருந்து. நாய் குரைக்காத அறையில் ஒன்றிரண்டு மணித்தியாலம். இடையில் திறந்து பார்ப்பது எல்லோருக்கும் வருகிற ஆசை; அடக்குங்கள். பிறகு கண்டெடுத்த இடத்துக்கு அருகே, பற்றை நிழலில் பெட்டியைச் சரித்துத் திறவுங்கள். ஆகாயத்தை நோக்கி எறியக்கூடாது. இது தரையில் சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்கிற பறவை. (மாமரத்தடிச் சருகைத் தினமும் கூட்டி எரிக்கிற வளவில் இது தங்காது என்பதும் அதனால்தான்.)

இறக்கை தொங்கினால், இரத்தம் தெரிந்தால், பூனை கவ்வியிருந்தால் காத்திருக்க வேண்டாம். பூனைப் பல் பட்ட காயம் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். அதன் வாயிலுள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். வடிவாயிருக்கிறதே என்று கூட்டில் அடைத்து வைப்பது சட்டப்படி குற்றம்.

உப்புவெளிக் குருவி அதிர்ஷ்டம் செய்தது. சளசளவென்ற மூச்சுச் சத்தம் மதியத்துக்குள் தணிந்தது, கண்கள் தெளிந்தன. பின்னேரம் அவர்கள் வீட்டு வேலிக்கரையில் பெட்டியைச் சரித்தபோது, கொஞ்ச நேரம் உள்ளேயே நின்று யோசித்துவிட்டு, தத்தித் தத்திப் பற்றைக்குள் போய்விட்டது. தம்பி பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டான். சப்பாத்து அளவில்லையாம், கடையில் மாற்றப் பெட்டி வேண்டுமாம்.