ஃபைல் இருக்கிறது, எழுத்தைக் காணோம்

யாங்கூனில் அனோரத்தா சாலைப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால், 11-க்கு மாற்றச் சொல்லி வருகிறவர்கள் அதிகம். வேறெங்கோ மாற்றிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

கோயில் கணக்குப் பார்க்கும் பெரியவர் ஒருவர் அப்படித்தான் வந்தார். "ஃபைல் ஒன்றும் போகலைன்னு சொன்னாங்க தம்பி. திறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது."

திறந்து பார்த்தேன். நன்கொடைப் பட்டியல், திருவிழா நோட்டீஸ் எல்லாமே பாமினி என்ற தமிழ் ஃபான்டில் அடித்தவை. பாமினி யூனிகோடு அல்ல; யூனிகோடு என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை. இது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய ஏற்பாடு. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் அடியிலிருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். பர்மிய எழுத்திலும் இதே தொல்லை உண்டு. 2019 அக்டோபர் 1-இல் நாடே யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் ஸோஜி என்ற பழைய பர்மிய ஃபான்டில் அடித்த கடிதங்கள், ஸோஜி ஃபான்ட் போனால் குழம்பிப் போகும்.

சரி, ஃபான்ட் எப்படிப் போனது? விண்டோஸுக்குள் இருந்தபடியே செட்டப்பை ஓட்டினால் மூன்று வழி கேட்கும்: ஃபைல், புரோகிராம் இரண்டும் இருக்கட்டும், ஃபைல் மட்டும் இருக்கட்டும், எதுவும் வேண்டாம். இரண்டாவதைத் தேர்ந்தால் படமும் கடிதமும் தங்கும். போட்டு வைத்த புரோகிராம், ஃபான்ட், செட்டிங் எல்லாம் போய்விடும். இவருக்கு முதல் வழி தேர்ந்தெடுக்க முடியாதபடி மங்கலாகவே இருந்திருக்கும். பழையது அமெரிக்க ஆங்கில விண்டோஸ், போட்டது இன்டர்நேஷனல் ஆங்கிலம். மொழி ஒத்துப்போகாவிட்டால் முதல் வழியை அது தராது. 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் அந்த வழி இல்லை, ஏனென்றால் 11 வருவது 64 பிட்டில் மட்டும்தான். பென்டிரைவிலிருந்து பூட் செய்து போட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அது புதிதாகத்தான் போடும்.

எந்த வழியானாலும் முதலில் முக்கியமானதையெல்லாம் வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி. கூடவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்து வையுங்கள். அதை யாரும் நினைப்பதே இல்லை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் நம்ம ஊர் கரண்ட். பேட்டரி செத்த லேப்டாப்பில், கரண்ட் போகும் முறை தெரிந்தும் சிலர் அப்கிரேடைத் தொடங்குகிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்குக் கிடையாது.

பெரியவருக்கு அதிர்ஷ்டம், ஆறாம் நாளே வந்துவிட்டார். பழைய சிஸ்டம் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் பத்து நாள் வரை கிடக்கும். பிறகு விண்டோஸே அதைத் துடைத்துவிடும். அதற்குள் நுழைந்து பாமினியை எடுத்துப் போட்டேன். பட்டியலில் பெயர்கள் தமிழில் வந்து நின்றன.

"எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்திடலாங்கய்யா" என்றேன்.

"அது அப்புறம். கரண்ட் போறதுக்குள்ள இதை ஒரு பிரிண்ட் எடுத்துடு" என்றார்.