பால்கனியில் வளரும் சன் கோனூர் காட்டுக்குப் போகுமா?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக்கை மூடப்போகிற நேரத்தில், அல்சூரிலிருந்து ஒரு தம்பி அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே சன் கோனூர் என்கிற வெளிநாட்டுக் கிளியின் குஞ்சு, ஒரு மாதம்கூட ஆகாதது. நெஞ்சில் ஒரு சின்ன ஓட்டை, அது வழியாக ஊட்டிய கஞ்சி கசிந்துகொண்டிருந்தது.

"ஏதோ கடிச்சிருச்சு மேடம்."

எதுவும் கடிக்கவில்லை. குஞ்சுக் கஞ்சியை (ஃபார்முலா) மைக்ரோவேவில் சூடாக்கி, மேலாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊட்டியிருக்கிறார். மைக்ரோவேவ் சூடு சீராகப் பரவாது, மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் நடுவில் கொதிக்கும், அது தீனிப்பையைப் பொசுக்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து வெந்த தோல் உதிர்ந்து ஓட்டை விழும்போதுதான் ஓடி வருவார்கள். (நன்றாகக் கலக்கிவிட்டு தெர்மாமீட்டர் வையுங்கள், 39 முதல் 41 டிகிரி செல்சியஸ். விரலை நம்பாதீர்கள்.)

செத்த தோலை வெட்டியெடுத்துத் தைத்தேன், குஞ்சு பிழைத்துக்கொண்டது. போகும்போது அவர் சொன்னதுதான் இதை எழுத வைத்தது. "வியாபாரத்துக்காகப் பண்ணல மேடம், அழிஞ்சிட்டு வர்ற இனம், நம்மால ஆனது நாலு குஞ்சு எடுத்தா நல்லதுதானே?"

பெங்களூரில் இதை நான் நாலு மொழியில் கேட்டிருக்கிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்-இன் சிவப்புப் பட்டியலில் சன் கோனூர் அழியும் ஆபத்தில் இருக்கும் இனம். கயானாவிலும் பிரேசிலின் வடக்கிலும் கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே காட்டில் அரிதாகிவிட்டது, இங்கே பால்கனிக்குப் பால்கனி கத்துகிறது. ஆனால் இந்தப் பால்கனிப் பறவைகளைக் காட்டுக்கு அனுப்ப முடியாது. தாய் தகப்பன் எந்த வழி என்று யாருக்கும் தெரியாது. கையில் வளர்ந்த குஞ்சுக்கு மனுஷன் தோள் தெரியும், பருந்து தெரியாது. அது போக, கலருக்காகவே ஜோடி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நிஜமாகவே இனத்தைக் காப்பாற்ற வளர்த்தவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று பாருங்கள். பிரேசிலின் ஸ்பிக்ஸ் மக்காவ் என்கிற நீலக் கிளியில் 1990-இல் காட்டில் மிஞ்சியது ஒரே ஒரு ஆண். துணை கிடைக்காமல் வேறு இன மக்காவோடு சேர்ந்து திரிந்தது, 2000-க்குப் பிறகு அதையும் காணோம். கூண்டில் இருந்தவை எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பறவைகளின் வம்சம் என்பதால், யாரோடு யாரைச் சேர்ப்பது என்று மரபணு பார்த்து ஜாதகப் பொருத்தம் மாதிரி முடிவு செய்தார்கள். 2020-இல் ஜெர்மனியிலிருந்து 52 பறவைகள் பிரேசிலுக்குப் போயின, ஆனால் உடனே திறந்துவிடவில்லை. 2022 ஜூனில்தான் முதல் எட்டைப் பறக்க விட்டார்கள், அதுவும் காட்டில் பிழைக்கத் தெரிந்த இல்லிகர் மக்காவ்களோடு சேர்த்து. அடுத்த வருஷமே காட்டுக்குள் குஞ்சு பொரித்தது. அவ்வளவு செய்தும் 2025-இல் அங்கே சர்கோவைரஸ் தென்பட்டது.

இந்த சர்கோவைரஸ் எனக்கு வாராவாரம் பழக்கம். இறகு முறுகி உதிரும், அலகு கெடும், மருந்து கிடையாது. பார்க்க நன்றாக இருக்கும் பறவையும் பரப்பும். அதனால் புதுப் பறவை வாங்கினால் ரத்தமும் இறகும் டெஸ்டுக்கு அனுப்புங்கள், முடிவு வந்தாலும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வேறு அறையில் வையுங்கள். கடையில் "எல்லாம் செக் பண்ணியாச்சு" என்பார்கள், சரி, பேப்பரைக் கேளுங்கள்.

இன்னொன்று, சன் கோனூர் மாதிரி வெளிநாட்டுக் கிளி வைத்திருந்தால் மத்திய அரசின் 2024 விதிகளின்படி அதன் பரிவேஷ் போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும், குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். நம்மூர்ப் பச்சைக்கிளிக்கு அந்த வழியே இல்லை, வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

தையல் பிரிக்க வந்தபோது, உங்கள் ஜோடி ஒரே ஈட்டில் பொரித்ததா என்று கடையில் கேளுங்கள் என்று அந்தத் தம்பியிடம் சொல்லி அனுப்பினேன். "ஆமா, ஒரே பாக்ஸ்ல பொறந்ததுங்க, அதான் இவ்ளோ ஒட்டுதலா இருக்கு" என்று பதில் வந்ததாம். அண்ணன் தங்கச்சி. கூட்டுப் பெட்டியைக் கழற்றி மொட்டை மாடியில் போட்டுவிட்டார். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார், பெட்டிக்குள் தேங்காய் நாரும் பழந்துணியும் சேர்த்து ஒரு அணில் குடிவந்திருக்கிறது. "இதுக்கு என்ன குடுக்கணும் மேடம்?"