ஒரு புள்ளிக்கு எத்தனை விளக்கு?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 2017இல் வெளிவந்தபோது உச்ச வரிசையில் இருந்த கிராபிக்ஸ் கார்டு; 11 ஜிபி நினைவகம். 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’ கணினி விளையாட்டு அதில் ஓடாது என்கிறார்கள். ஆனால் 8 ஜிபி மட்டுமே கொண்ட ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் இருந்தால் போதுமாம். மற்ற விளையாட்டுகளில் என் கார்டு அதற்குச் சளைத்ததே இல்லை. புதுக் கார்டை வாங்க வைப்பதற்காகத்தானே இந்த ஏற்பாடு?”

இந்த விளையாட்டைப் பொறுத்தவரை, இல்லை. அந்தக் கட்டாயத்துக்குப் பின்னால் உண்மையான இயற்பியலும் அழகான கணிதமும் இருக்கின்றன. வேறு சில விளையாட்டுகளைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். அதையும் பிறகு சொல்கிறேன்.

தெரிந்த பகுதியை வேகமாகக் கடந்துவிடுவோம். வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி. விளையாட்டின் உலகம் முழுவதும் முக்கோணங்களால் ஆனது. ஒவ்வொரு முக்கோணமும் திரையில் எங்கே விழும் என்று கிராபிக்ஸ் கார்டு கணக்கிட்டு, அதற்குள் அடங்கும் புள்ளிகளுக்கு நிறம் பூசுகிறது. 1920க்கு 1080 திரையில் அப்படி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். இந்த வேலையில் கார்டுகள் எப்போதோ தேறிவிட்டன. கடினமானது வடிவம் அன்று, ஒளி.

சன்னல் வழியே ஓர் அறைக்குள் வெயில் விழுவதை நினைத்துப் பாருங்கள். தரையில் பட்ட ஒளி சிதறிக் கூரைக்குப் போகிறது, அங்கிருந்து சுவருக்கு வருகிறது. தரையில் சிவப்புக் கம்பளம் கிடந்தால் சுவரின் அடிப்பகுதியும் லேசாகச் சிவக்கிறது. வெயில் நேரே படாத மூலைகூட நமக்குத் தெரிவது இப்படித்தான். முக்கோணங்களுக்கு ஒவ்வொன்றாக நிறம் பூசும் முறைக்கு இந்தச் சுற்றுவழி ஒளி எட்டாது. ஒரு முக்கோணத்தை வரையும்போது மற்றவை எங்கே இருக்கின்றன என்பதே அதற்குத் தெரியாது.

அதனால்தான் விளையாட்டு உருவாக்குபவர்கள் ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைத்தார்கள். 1996இல் வந்த ‘குவேக்’ விளையாட்டில் சுவர்களின் வெளிச்சமும் நிழலும் பெரும்பாலும் உருவாக்குபவர்களின் கணினியிலேயே கணக்கிடப்பட்டு, சுவரின் மேல் ஒட்டும் படலமாக வட்டில் வந்து சேர்ந்தன. கிராபிக்ஸ் கார்டே இல்லாத கணினியிலும் அது ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். அருமையான தந்திரம்தான். ஆனால் அந்த ஒளி உறைந்த ஒளி. சுவரை உடைத்தால் உடைந்த வழியே வெளிச்சம் வராது. கலைஞர் ஒரு விளக்கை இரண்டடி நகர்த்தினால் மீண்டும் முதலிலிருந்து கணக்கிட வேண்டும். பெரிய உலகமென்றால் அதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

உறையாத ஒளி வேண்டுமென்றால் கதிர்களைப் பின்தொடர வேண்டும். பெல் ஆய்வகத்தில் இருந்த டர்னர் விட்டட் 1980இல் கண்ணாடிக் கோளங்களில் ஒளி எதிரொளித்தும் விலகியும் செல்வதைக் கதிர்கதிராகத் தொடர்ந்து படம் வரைந்து காட்டினார். 1986இல் கால்டெக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கஜியா ஒளியின் போக்குவரத்து முழுவதையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடக்கினார். ஓர் இடத்திலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி, அந்த இடத்துக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்த ஒளியின் கூட்டுத்தொகை. அந்த ஒவ்வொரு திசையிலும் இருக்கும் இடத்துக்கும் இதே விதி பொருந்தும். சமன்பாடு தன்னையே தனக்குள் வைத்திருக்கிறது. தாளில் முழுமையாகத் தீர்க்க முடியாத இப்படிப்பட்ட கணக்குக்கு ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் தனியாகச் சீட்டாடுகையில், வெற்றி வாய்ப்பைச் சூத்திரத்தால் கணக்கிடுவதைவிட நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிடலாமே என்று எண்ணினார். நியூட்ரான்களின் பாதையைக் கணிக்க அவரும் ஜான் வான் நியூமனும் பயன்படுத்திய அந்த மாண்டே கார்லோ முறைதான் இன்று ஒளிக்கும் உதவுகிறது: எல்லாத் திசைகளுக்கும் பதிலாகச் சில திசைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சராசரி காண்பது.

வாசகரின் புதிர் இந்த இடத்தில் அவிழ்கிறது. ஒரு கதிர் பத்து லட்சம் முக்கோணங்களில் எதன் மேல் படுகிறது என்று அறிய, ஒவ்வொன்றாகச் சோதித்தால் காலம் போதாது. அதனால் உலகத்தைப் பெட்டிகளுக்குள் பெட்டியாக அடுக்குகிறார்கள். பெரிய பெட்டியைக் கதிர் தொடவில்லையென்றால் உள்ளே இருக்கும் அனைத்தையும் விட்டுவிடலாம். பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் இருபது படிகளில் பத்து லட்சத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிடலாம். ஆனால் இந்தத் தேடல் பழைய கார்டின் இயல்புக்கு முரணானது. அதன் கணிப்பு அலகுகள் 32 பேர் கொண்ட அணியாக, ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் நிறைவேற்றுபவை. சுவரில் பட்டுத் தெறித்த 32 கதிர்களோ 32 திசைகளில் சிதறும். ஒன்று மூன்றாம் பெட்டிக்குள் இருக்கும்போது இன்னொன்று பதினைந்தாம் பெட்டியில் இருக்கும். ஒருவர் நடக்க மற்றவர் நிற்க வேண்டியதுதான். 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் பெட்டிகளையும் முக்கோணங்களையும் சோதிப்பதற்கென்றே தனிச் சுற்றுகளைச் சில்லில் பதித்தார்கள். 2060 சூப்பரில் அவை உண்டு, 1080 டிஐயில் இல்லை. நிறம் பூசுவதில் இரண்டும் சமமாக இருப்பதால் கதிர் தொடர்வதிலும் சமமாகிவிடாது.

இனி நான் மிகவும் நேசிக்கும் பகுதிக்கு வருகிறேன்.

குலுக்கல் முறையின் பெருங்குறை, படத்தில் மணல் தூவியதுபோல் விழும் இரைச்சல். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. திரைப்பட நிறுவனம் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, பல மணி நேரம் செலவிடலாம். விளையாட்டுக்கு இருப்பதோ 16.7 மில்லி வினாடி. ஒரு புள்ளிக்குச் சில கதிர்களே கிடைக்கும். தெருவில் பத்தாயிரம் விளக்குகள் எரிகின்றன என்று வையுங்கள். அவற்றில் எந்த ஒன்றை நோக்கிக் கதிரை அனுப்புவது? கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் எங்கோ மூலையில் மினுக்கும் விளக்குதான் சிக்கும்.

பிரகாசமான விளக்குக்கு அதிக வாய்ப்புத் தரும் குலுக்கல் வேண்டும். ஆனால் எல்லா விளக்குகளையும் பட்டியலிட்டுவிட்டுக் குலுக்க நினைவகமும் நேரமும் இல்லை. இதற்கான வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. விளக்குகள் ஒவ்வொன்றாக வருகின்றன; கையில் எப்போதும் ஒன்றே ஒன்றைத்தான் வைத்திருப்போம். பிரகாசத்துக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை தருவோம். முதல் விளக்கின் எடை 2, அதை எடுத்துக்கொள்கிறோம். அடுத்ததன் எடை 6. மொத்தம் 8 ஆகிறது. எட்டில் ஆறு வாய்ப்புடன் கையில் இருப்பதை விட்டுவிட்டு இதை எடுக்கிறோம். மூன்றாவதன் எடை 2. மொத்தம் 10, பத்தில் இரண்டு வாய்ப்புடன் மாற்றுகிறோம். இப்போது முதல் விளக்கு இறுதிவரை கையில் தங்கியிருக்கும் வாய்ப்பைப் பாருங்கள்: எட்டில் இரண்டைப் பத்தில் எட்டால் பெருக்கினால் பத்தில் இரண்டு. இரண்டாவதற்குப் பத்தில் ஆறு. மூன்றாவதற்குப் பத்தில் இரண்டு. எடைக்கு ஏற்ற வாய்ப்பு இம்மி பிசகாமல் கிடைத்துவிட்டது! நினைவில் வைத்திருந்ததோ ஒரு விளக்கும் ஒரு கூட்டுத்தொகையும் மட்டுமே.

இதைவிட அழகானது அடுத்த படி. பக்கத்துப் புள்ளியும் தன் பங்குக்கு 32 விளக்குகளைப் பார்த்து ஒன்றைக் கையில் வைத்திருக்கிறது. இருவரின் கூட்டுத்தொகைகளையும் எடையாகக் கொண்டு இன்னொரு முறை குலுக்கினால், 64 விளக்குகளைப் பார்த்த அறிவு ஒரே புள்ளிக்கு வந்துவிடும். அந்த 32 விளக்குகளை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. முந்தைய சட்டகத்தில் இதே இடத்தில் இருந்த புள்ளியிடமும் கேட்கலாம். அதுவும் தன் அண்டை வீட்டாரைக் கேட்டு வைத்திருக்கிறது. சில சட்டகங்களுக்குள் ஆயிரக்கணக்கான விளக்குகளின் செய்தி ஒரு புள்ளியில் குவிகிறது. அண்டைப் புள்ளி வேறொரு சுவரில் இருந்தால் அதன் தேர்வு நமக்குப் பொருந்தாது என்பதால், எடையை நம் இடத்திலிருந்து மறுபடி அளந்துகொள்ள வேண்டும். அந்தக் கவனம் தவறினால் படம் உண்மையைவிட இருண்டுபோகும்.

டார்ட்மத் கல்லூரியையும் இந்தக் கார்டுகளைத் தயாரிக்கும் என்விடியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை 2020இல் வெளியிட்டார்கள். ரெஸ்டிர் என்பது அதன் பெயர். ஒளிரும் முக்கோணங்கள் 34 லட்சம் வரை கொண்ட காட்சியை, ஒரு புள்ளிக்கு எட்டுக் கதிர்களுக்கு மேல் போகாமல், 50 மில்லி வினாடிக்குள் வரைந்து காட்டினார்கள். 2023 ஏப்ரலில் ‘சைபர்பங்க் 2077’ விளையாட்டு பெற்ற, ஒளி முழுவதையும் கதிர்களால் கணக்கிடும் பயன்முறையில் இந்த முறை இருக்கிறது. கையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் குலுக்கலின் வேர் இன்னும் பழையது. எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று தெரியாத கோப்பை ஒரே முறை படித்து, அதிலிருந்து நியாயமாக மாதிரி எடுப்பது எப்படி என்று 1985இல் ஜெஃப்ரி விட்டர் விரிவாக எழுதினார். அப்போது அதை விளையாட்டு விளக்குகளுக்கான ஆய்வு என்று யாராலும் கருதியிருக்க முடியாது. ‘இதனால் என்ன பயன்’ என்று முதல் ஆண்டிலேயே கேட்டு நிதியை நிறுத்துகிறவர்கள், முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பலன் தந்த இந்தக் கணக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘இண்டியானா ஜோன்ஸ்’ கட்டாயமாகக் கேட்பது இந்த முழு வடிவத்தை அன்று. தெறித்து வரும் பொதுவான ஒளியை மட்டும் கதிர்களால் கணக்கிடும் சிக்கனமான வடிவம் அதற்குப் போதும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் கதிர்ச் சுற்றுகள் இருப்பதால், உறைந்த ஒளியையும் உறையாத ஒளியையும் தனித்தனியே தயாரிக்கும் இரட்டை வேலையை உருவாக்கியவர்கள் விட்டுவிட்டார்கள். கேட்ட விலைக்கு ஈடாக எதைத் தந்தார்கள் என்பது திரையில் தெரிகிறது. இதை நியாயமான தேவை என்றே சொல்வேன்.

எல்லாத் தேவைகளும் அப்படிப்பட்டவை அல்ல. ‘ஹெல்டைவர்ஸ் 2’ கணினியில் 150 ஜிபிக்கும் மேல் இடம் பிடித்துக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்கின் முள் அங்குமிங்கும் அலையாமல் இருக்க, ஒரே தரவைப் பல இடங்களில் பிரதியெடுத்து வைத்திருந்தார்கள். 2025இல் அளந்து பார்த்தபோது, காத்திருப்பு நேரத்தில் பெரும்பகுதி ஆட்டக்களத்தை உருவாக்குவதில்தான் போகிறது, வட்டைப் படிப்பதில் அன்று என்று தெரிந்தது. பிரதிகளை நீக்கியதும் சுமார் 23 ஜிபியில் அடங்கிவிட்டது. ‘ஜிடிஏ ஆன்லைன்’ தொடங்கவே பல நிமிடம் ஆனது. 10 எம்பி அளவுள்ள ஓர் உரைக் கோப்பைப் படிக்கையில், ஒவ்வொரு சொல்லுக்கும் மீதிக் கோப்பின் நீளத்தை நிரல் மறுபடி மறுபடி அளந்துகொண்டிருந்ததை 2021இல் வெளியாள் ஒருவர் கண்டுபிடித்தார். அவருடைய திருத்தத்தால் காத்திருப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2’ 2023இல் வந்தபோது, வானிலிருந்து பார்க்கையில் எறும்பு அளவே தெரியும் மக்களுக்குப் பற்கள்கூட முழு முக்கோணங்களோடு இருந்தன, தொலைவுக்கான எளிய வடிவம் தயாரிக்கப்படவே இல்லை. பயனரின் புதுக் கார்டு எந்தச் சுமையையும் தாங்கிக்கொள்ளும் என்று நம்பி விடப்பட்ட வேலைகள் இவை. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான்.

இன்னொரு பழக்கமும் வளர்கிறது. ‘மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’ பரிந்துரைத்த தேவைப் பட்டியலில், 1080 வரித் திரையில் 60 படங்கள் என்ற இலக்கே இடைச்சட்டகம் உருவாக்கும் வசதியை இயக்கினால்தான் எட்டும் என்றிருந்தது. இரண்டு உண்மையான படங்களுக்கு நடுவே ஒன்றைக் கணித்துச் செருகுவது கண்ணுக்கு இதமானதுதான். ஆனால் அடுத்த உண்மையான படம் வரும்வரை காத்திருந்துதான் நடுப்படத்தைச் செய்ய முடியும். உங்கள் விரல் அசைவுக்கு வரும் பதில் 30 படங்களின் வேகத்திலேயே நிற்கும், சற்றுத் தாமதமாகவும் வரும். வேகமாக ஓடும் விளையாட்டை மேலும் வழவழப்பாக்க இந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தரையே இல்லாத இடத்தில் தரையாக விரிக்கக் கூடாது. தேவைப் பட்டியல் வெளியிடும் ஒவ்வொரு நிறுவனமும் திரை அளவு, பட வேகம், எந்த உதவி வசதி இயங்குகிறது என்ற மூன்றையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும்.

விளையாட்டு தடுமாறினால் கார்டு பழசாகிவிட்டது என்று உடனே முடிவுகட்டுவது ஒரு மூடநம்பிக்கை. சோதித்துப் பார்ப்பது எளிது. விளையாட்டின் வரையும் அளவை நான்கில் ஒரு பங்கு புள்ளிகளுக்கு இறக்குங்கள். படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டுதான் திணறிக்கொண்டிருந்தது. அசையாமல் நின்றால் சிக்கல் மையச் செயலியிலோ நிரலிலோ இருக்கிறது. புதுக் கார்டு வாங்கினாலும் அது தீராது. ஓர் இடத்தை முதல் முறை கடக்கையில் மட்டும் திக்கி, மறுமுறை சரளமாக ஓடினால், படம் வரையும் நிரல்கள் (ஷேடர்கள்) அந்த நொடியில்தான் உங்கள் கார்டுக்கேற்ப மொழிபெயர்க்கப்படுகின்றன என்று கொள்ளலாம். தொடங்கும்போதே அதைச் செய்து முடித்திருக்க வேண்டியவர்கள் உருவாக்கியவர்கள்.

கேள்வி கேட்டவரின் 1080 டிஐயில் எந்தப் பழுதும் இல்லை. உறைந்த ஒளியை நம்பும் விளையாட்டுகளை அது இன்னும் சிறப்பாகவே வரையும். அதை வடிவமைத்த நாளில், பெட்டிகளுக்குள் பெட்டியாகக் கதிரைத் தேடும் வேலையை அதற்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.